காட்டு இறைச்சியின் முகவரி எங்கே?

புலனக் குழுவில் வரும் செய்தி பெரும்பாலும் ஒரே வரிதான். "அண்ணே, காட்டுப்பன்றி வந்திருக்கு, எத்தனை கிலோ எடுத்து வைக்கட்டும்?" தோட்டப்புறத்தில் வளர்ந்த நம்மில் பலருக்கு அந்த வரியைப் படித்ததுமே மிளகு வறுபடும் வாசனை மூக்கில் ஏறிவிடும். நானும் வாங்கியிருக்கிறேன். மறைத்துப் பேசுவதில் பொருளில்லை. ஒருமுறைகூட, "யார் சுட்டது, எந்த இடத்தில், உரிமம் உண்டா?" என்று கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் விற்றவரிடம் பதில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அவர் இன்னொருவரிடம் வாங்கியவர். அந்த இன்னொருவர் வேறொருவரிடம் வாங்கியவர்.

கறுப்பு நெகிழிப் பையில் வரும் அந்த இறைச்சிக்கு விலை உண்டு, எடை உண்டு, முகவரி மட்டும் இல்லை. கோழிக்கு அறுப்புக்கூட முத்திரை இருக்கிறது. இறக்குமதி ஆட்டிறைச்சிக்குப் பெட்டியில் நாடும் தேதியும் இருக்கின்றன. காட்டிலிருந்து வரும் இறைச்சிக்கு விற்பவரின் வாய்ச்சொல் மட்டுமே சான்று.

இது சட்டப் புத்தகத்துக்குள் அடங்கிக் கிடக்கும் சின்ன விஷயம் அல்ல. 2021 பிப்ரவரியில் சபாவில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதி செய்யப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் தீபகற்பத்தில், மலாக்காவில் அது தலைகாட்டியது. 2023 தொடக்கத்தில் பினாங்குப் பண்ணைகளும் சிக்கின. அதே 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரில் செத்துக் கிடந்த காட்டுப்பன்றியிலும் அந்தக் கிருமி இருப்பது தெரிய வந்தது. இந்த நோய் மனிதரைத் தொற்றாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் 1998, 1999இல் நிப்பா கிருமியால் நாம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, 'பன்றி', 'கிருமி' என்ற இரண்டு சொற்களும் ஒரே வாக்கியத்தில் வந்தாலே பலருக்குக் கை நடுங்குகிறது. ஆனால் பன்றிகளுக்கு இது ஏறக்குறைய மரண தண்டனை. குளிரூட்டிய இறைச்சியிலும் உறைய வைத்த இறைச்சியிலும் இந்தக் கிருமி நீண்ட காலம் உயிரோடு இருக்கும். ஆகவே ஒரு காட்டுப்பன்றியின் தொடை எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் காரில் போகிறது என்பது, வாங்கிச் சாப்பிடுபவரின் சொந்த விஷயமாக மட்டும் இருந்த காலம் போய்விட்டது.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் பெருவிலங்கு வேட்டைச் சட்டங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. துப்பாக்கி விவகாரத்தில் அந்த நாட்டைப் பின்பற்றச் சொல்லப் போவதில்லை. சுட்டு வீழ்த்திய விலங்கு மேசைக்கு வந்து சேரும்வரை அதன் பின்னாலேயே நடந்து வரும் ஒரு சிறிய காகிதத்தைப் பற்றித்தான் பேச்சு. அங்கே அதை 'டேக்' என்கிறார்கள். நாம் வேட்டை அட்டை என்று சொல்லிக்கொள்ளலாம்.

உரிமம் ஆளுக்கு, டேக் விலங்குக்கு

அமெரிக்காவில் மான், எல்க், கரடி போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட உரிமம் மட்டும் போதாது. உரிமம் என்பது 'இந்த ஆள் வேட்டையாடலாம்' என்று சொல்லும் தாள். டேக் என்பது 'இந்த ஓர் உயிரை எடுக்கலாம்' என்று சொல்லும் தாள். ஒரு மானுக்கு ஒரு டேக். டெக்சஸ் மாநிலத்தில் மானுக்கும் வான்கோழிக்குமான டேக்குகள் உரிமத்தோடேயே அச்சாகி வருகின்றன. கொலராடோ, மோண்டானா போன்ற மேற்கு மாநிலங்களில் சில பகுதிகளுக்கு, சில விலங்குகளுக்கு டேக் கிடைப்பதே குலுக்கலில்தான். வருடக்கணக்கில் மனுப் போட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு.

பெரும்பாலான மாநிலங்களின் நடைமுறை ஏறக்குறைய ஒன்றுதான். விலங்கு விழுந்ததும், அதை அந்த இடத்திலிருந்து நகர்த்துவதற்கு முன்பே, டேக்கில் அன்றைய மாதத்தையும் தேதியையும் குறிக்க வேண்டும். பேனாவால் எழுதுவது ஒரு வகை. அச்சிட்ட மாதத்தையும் தேதியையும் கத்தியால் வெட்டி எடுப்பது இன்னொரு வகை. வெட்டச் சொல்வதில் ஒரு தந்திரம் இருக்கிறது. எழுதியதை அழிக்கலாம், வெட்டியதை ஒட்ட முடியாது. ஒரு டேக் ஒரு முறைதான். பிறகு அதைக் கொம்பிலோ காதிலோ காலிலோ கட்டுகிறார்கள். வீடோ இறைச்சி வெட்டும் கூடமோ வந்து சேரும்வரை அது விலங்கோடு இருக்க வேண்டும்.

அடுத்தது பால் அடையாளம். ஆண் மானுக்கு ஒரு கணக்கு, பெண் மானுக்கு ஒரு கணக்கு என்று மாநிலங்கள் ஒதுக்கீடு வைக்கின்றன. பெண் மானைச் சுட்டால் அடுத்த ஆண்டின் குட்டியும் சேர்ந்து போகிறது என்பதால் இந்தக் கணக்கு முக்கியமானது. ஆகவே விலங்கைக் காட்டிலேயே துண்டுகளாக வெட்டிச் சுமந்து வந்தாலும், அது ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஏதேனும் ஒரு துண்டோடு இயற்கையாக ஒட்டியபடியே இருக்க வேண்டும், அல்லது தலை கூடவே வர வேண்டும் என்பது பல மாநிலங்களின் விதி. கேட்க அருவருப்பாகத் தோன்றலாம். சாலையில் வண்டியை நிறுத்திச் சோதிக்கும் வனவிலங்கு அதிகாரிக்கு அதுதான் சான்று.

அலாஸ்காவில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. மூஸ் மாதிரி பெரிய விலங்கைச் சுட்டவர், முதலில் இறைச்சியைக் காட்டிலிருந்து வெளியே கொண்டு வர வேண்டும். கொம்பு கடைசியில்தான் வரலாம். கொம்பை மட்டும் எடுத்துக்கொண்டு இறைச்சியை அழுக விட்டால் அது குற்றம்.

விலங்கு கை மாறும்போதும் தாள் கூடவே மாறுகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு தொடையை அன்பளிப்பாகக் கொடுத்தால்கூட, கொடுத்தவர் பெயர், உரிம எண், வேட்டையாடிய தேதி, எந்தப் பகுதி இறைச்சி, கையொப்பம் ஆகியவை அடங்கிய ஒரு சீட்டு கூடவே போக வேண்டும் என்று பல மாநிலங்கள் கேட்கின்றன. குளிர்க் கிடங்கு நடத்துபவரும் பாடம் செய்து கொடுப்பவரும் யாருடைய விலங்கு எப்போது வந்தது என்று பதிவேடு வைக்க வேண்டும். அதிகாரி வந்து கேட்டால் காட்ட வேண்டும்.

இத்தனைக்கும் அடியில் ஒரு பெரிய விதி இருக்கிறது. காட்டில் வேட்டையாடிய மானின் இறைச்சியை அங்கே விற்க முடியாது. கொடுக்கலாம், ஏழைகளுக்கு உணவளிக்கும் அமைப்புகளுக்கு நன்கொடையாக வழங்கலாம். காசுக்கு விற்றால் குற்றம். அமெரிக்க உணவகத்தில் மான் இறைச்சி கிடைக்கிறதே என்றால், அது பண்ணையில் வளர்த்தது அல்லது நியூசிலாந்து போன்ற நாட்டிலிருந்து வந்தது.

பட்டுத் தெரிந்துகொண்ட கதை

இவ்வளவு கெடுபிடியும் அவர்களுக்கு இயல்பாக வந்த நற்குணம் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா தன் காடுகளைச் சந்தைக்காகவே சுட்டுத் தீர்த்தது. புகைவண்டியும் குளிர்ப்பெட்டியும் வந்த பிறகு, காட்டு இறைச்சி மூட்டை மூட்டையாக நகரங்களுக்குப் போனது. வானத்தை மறைக்கும் கூட்டங்களாகப் பறந்த பயணிப் புறாவின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1ஆம் தேதி சின்சினாட்டி விலங்குத் தோட்டத்தில் செத்தது. வெள்ளைவால் மான் சில லட்சமாகச் சுருங்கியது.

அப்போது ஒரு ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. ஒரு மாநிலம் வேட்டையைத் தடை செய்தாலும், சுட்டதைப் பக்கத்து மாநிலத்துக்குக் கடத்திவிட்டால் எல்லாம் சட்டபூர்வமாகிவிடும். இந்த ஓட்டையை அடைக்க அயோவா மாநிலத்து காங்கிரஸ் உறுப்பினர் ஜான் லேசி கொண்டு வந்த சட்டம் 1900 மே மாதம் நிறைவேறியது. ஒரு மாநிலத்தின் சட்டத்தை மீறி எடுத்த விலங்கை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோனால் அது மத்திய அரசுக் குற்றம். லேசி சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கவனித்துப் பார்த்தால், அது வேட்டைக்காரரின் துப்பாக்கியைவிட அவரது வண்டியைத்தான் முக்கியமாகப் பார்க்கிறது.

1937இல் துப்பாக்கி, தோட்டா விற்பனை வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கும் சட்டம் வந்தது. இன்று அந்த நாட்டில் வெள்ளைவால் மான்கள் சுமார் 3 கோடி என்று மதிப்பிடுகிறார்கள். டேக் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் மிகை. விற்பனைத் தடை, எண்ணிக்கைக் கணக்கு, பணம், அதிகாரிகள் எல்லாம் சேர்ந்த பலன் அது. ஆனால் எண்ணிக்கைக் கணக்குக்கு டேக்தான் அடிப்படை. எத்தனை மான் விழுந்தது என்று தெரியாமல் அடுத்த ஆண்டு எத்தனை விழலாம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு நோய் வந்து விதியை மாற்றியது

டேக் முதலில் எண்ணிக்கைக்காகத்தான் வந்தது. இப்போது அதற்கு இன்னொரு வேலையும் சேர்ந்திருக்கிறது. மான்களை உருக்கிக் கொல்லும் ஒரு நோய் 1967இல் கொலராடோவின் ஓர் ஆய்வுக்கூடத்து மான்களிடம் முதலில் கவனிக்கப்பட்டது. மாட்டுப் பைத்திய நோயின் உறவுக்கார நோய் அது. பிரியான் என்ற உருக்குலைந்த புரதம் மூளையையும் தண்டுவடத்தையும் துளைக்கிறது. சமைத்தாலும் அழியாது, மண்ணில் விழுந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். இன்று அது 30க்கும் மேற்பட்ட அமெரிக்க மாநிலங்களில் இருக்கிறது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை என்றாலும், நோய் கண்ட விலங்கைச் சாப்பிட வேண்டாம் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது.

மான் தன் காலால் நடந்து ஒரு மலையைத் தாண்ட நாளாகும். வேட்டைக்காரரின் வண்டி ஒரே இரவில் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிவிடும். அதனால் மாநிலங்கள் உடலைக் கொண்டுபோகும் விதிகளை மாற்றின. நோய்ப் பகுதியிலிருந்து முழு உடலை வெளியே எடுத்துச் செல்ல முடியாது. எலும்பு நீக்கிய இறைச்சி, தண்டுவடம் ஒட்டாத தொடைகள், மூளைத் திசு முழுவதும் சுத்தம் செய்த கொம்புத் தகடு, தோல் ஆகியவற்றைக் கொண்டுபோகலாம். தலையும் முதுகெலும்பும் அங்கேயே, சொன்ன இடத்தில் போட வேண்டும். சில பகுதிகளில் தலையைச் சோதனைக்குக் கொடுத்தாக வேண்டும். எந்த மானின் தலை, எந்த இடத்து மான் என்று டேக் எண் சொல்கிறது. சோதனையில் நோய் தெரிந்தால், இறைச்சி யார் வீட்டுக் குளிர்ப்பெட்டியில் இருக்கிறது என்றும் அதே எண்தான் காட்டிக் கொடுக்கிறது.

ஆசியாவுக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. கனடாவிலிருந்து இறக்குமதி செய்த எல்க் வழியாகத் தென்கொரியாவுக்குப் போய், 2001இல் அங்கே கண்டறியப்பட்டது. நார்வேயில் 2016இல் காட்டு ரெயின்டீரில் தெரிந்ததும், ஒரு மலைப்பகுதியில் இருந்த ஏறக்குறைய 2,000 விலங்குகளை அரசே கொன்று தீர்த்தது. தாளை அலட்சியம் செய்தால் பிறகு எவ்வளவு பெரிய விலை கொடுக்க நேரும் என்பதை அந்த எண்ணிக்கை காட்டுகிறது.

நம் சட்டம் எங்கே நிற்கிறது

நம் நாட்டில் தீபகற்பத்துக்கும் லாபுவானுக்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 716. சபாவுக்கு 1997ஆம் ஆண்டுச் சட்டம், சரவாக்கிற்கு 1998ஆம் ஆண்டுச் சட்டம். ஒரே நாட்டில் மூன்று சட்டங்கள். தீபகற்பத்தில் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் உரிமம் இல்லாமல் பாதுகாக்கப்பட்ட விலங்கை வேட்டையாடக் கூடாது. காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. "பன்றிதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்ற பேச்சை நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அது தவறு. வணிகமாக வாங்கி விற்கவும் உரிமம் வேண்டும். புலி, யானை, மலாய்க் கரடி போன்றவை முழுப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ளவை. அவற்றின் பக்கமே போக முடியாது. 2022இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, மிகக் கடுமையான குற்றங்களுக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் உண்டு.

கடமான், கேளைமான் வேட்டை உரிமங்கள் 2009இல் நிறுத்தி வைக்கப்பட்டன. 2015இல் மேலும் ஆறு ஆண்டுக்கு அந்தத் தடை நீட்டிக்கப்பட்டது. காரணம் எளிது. காட்டில் மான் இல்லை. மான் இல்லாவிட்டால் புலி என்ன தின்னும்? 2016 முதல் 2020 வரை நடந்த தேசியப் புலிக் கணக்கெடுப்பு, தீபகற்பத்தில் 150க்கும் குறைவான மலாயாப் புலிகளே மிஞ்சியுள்ளன என்று சொன்னது. கடமானும் காட்டுப்பன்றியும்தான் அவற்றின் முக்கிய இரை. ஒன்றைக் கண்ணியும் துப்பாக்கியும் குறைத்தன. மற்றதைக் காய்ச்சல் அச்சுறுத்துகிறது. 2023இல் குவா மூசாங் வட்டாரத்தில் புலி தாக்கி அடுத்தடுத்து மனிதர்கள் இறந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரப்பர்க் காட்டில் அதிகாலையில் பால் வெட்டப் போகிறவருக்கு, காட்டுக்குள் எத்தனை மான் மிச்சம் என்பது உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

நம் சட்டத்தின் தண்டனைகள் பலவீனமானவை அல்ல. என் சந்தேகம் வேறு. தண்டனை பிடிபட்ட பிறகு வருவது. பிடிபட வேண்டுமானால், சட்டபூர்வமான இறைச்சியையும் திருட்டு இறைச்சியையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்ல ஏதேனும் வேண்டும். தோலுரித்து, எலும்பு நீக்கி, துண்டு போட்ட பிறகு கடமானும் பண்ணை மானும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நம் நாட்டில் மான் பண்ணைகள் உண்டு. வெளிநாட்டு மான் இறைச்சியும் வருகிறது. ஆகவே உணவகப் பலகையில் 'மான் இறைச்சி' என்று எழுதியிருப்பது குற்றமல்ல. அது பண்ணை மான் என்று கடைக்காரர் சொன்னால், நம்புவதைத் தவிர வாடிக்கையாளருக்கு வேறு வழியில்லை. மரபணுச் சோதனையால் உண்மையைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஒவ்வொரு தட்டுக்கும் ஆய்வுக்கூடமா வைக்க முடியும்?

நான் வாங்கிய எந்தக் காட்டு இறைச்சியோடும் ஒரு துண்டுத் தாள்கூட வந்ததில்லை என்பதை இந்த இடத்தில் மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுட்டவரிடம் உரிமம் இருந்திருக்கலாம். அந்த உரிமம் அவர் சட்டைப்பையோடு நின்றுவிட்டது; இறைச்சியோடு என் வீட்டு வாசல்வரை வரவில்லை.

சரவாக் வேறு வழியில் போனது. காட்டு இறைச்சி வணிகம் காடுகளைக் காலி செய்கிறது என்று கண்டு, 1998 சட்டத்தின் மூலம் காட்டு விலங்குகளை வணிகமாக விற்பதையே தடை செய்தது. நீண்ட வீடுகளில் வாழும் மக்கள் தங்கள் உணவுக்காக வேட்டையாடுவது வேறு, வெட்டுமரப் பாதை வழியாக லாரியில் நகரத்துக்கு ஏற்றுவது வேறு என்று பிரித்துப் பார்த்தது. அமெரிக்கா ஒரு நூற்றாண்டுக்கு முன்பு வந்து சேர்ந்த அதே முடிவு. சபாவில் தாடிப்பன்றி உரிமத்தோடு வேட்டையாடும் விலங்காக இருந்தது. 2021இல் காய்ச்சல் வந்து கொத்துக் கொத்தாகச் செத்த பிறகு, 2023இல் அது முழுப் பாதுகாப்புப் பட்டியலுக்கு ஏறியது. தலைமுறை தலைமுறையாக அதை உண்டு வந்த கடசான், மூருட் மக்களுக்கு இது சாதாரண இழப்பு அல்ல. திருமண விருந்தில் வைக்கும் பண்டம் அது.

பூர்வகுடி மக்களின் கேள்வி

எந்தப் புதிய விதியைப் பற்றிப் பேசினாலும் ஒராங் அஸ்லி மக்களை மறந்துவிட்டுப் பேசினால் அது அநியாயம். சட்டம் 716இன் 51ஆவது பிரிவு, ஆறாம் அட்டவணையில் உள்ள பத்து விலங்குகளை அவர்கள் தங்களுக்கும் தங்கள் குடும்பத்துக்குமான உணவுக்காக வேட்டையாடலாம் என்கிறது. காட்டுப்பன்றி, சருகுமான், முள்ளம்பன்றி போன்றவை அதில் அடங்கும். விற்கவோ பண்டமாற்று செய்யவோ கூடாது, செய்தால் தண்டனை.

காகிதத்தில் இது நியாயமாகத் தெரியும். வாழ்க்கையில் அப்படி அல்ல. அரிசியும் மண்ணெண்ணெயும் பள்ளிக் காலணியும் பணத்துக்குத்தான் கிடைக்கின்றன. காடு சுருங்கிவிட்ட கிராமத்தில் ஒருவர் பிடித்த பன்றியில் பாதியை வெளியாருக்கு விற்றால், சட்டத்தின் கண்ணில் அவர் குற்றவாளி. அவரிடம் மலிவாக வாங்கி நகரத்தில் மூன்று மடங்கு விலைக்கு விற்பவர் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். டேக் மாதிரி ஒரு முறை இங்கே வந்தால், அது முதலில் அந்த வண்டிக்காரரைப் பிடிக்க வேண்டும். செயலியில் பதிவு செய், எண் வாங்கு என்று தொலைபேசி அலையே எட்டாத கிராமத்து மனிதரிடம் போய்க் கேட்டால், அதிகாரிக்குச் சுலபமான ஆள் ஒருவர் கிடைப்பார். காட்டுக்கு ஒரு பயனும் இருக்காது.

டேக்கும் ஏமாறும்

டேக் ஒரு மந்திரச் சீட்டு அல்ல. அமெரிக்க வனவிலங்கு அதிகாரிகளுக்குப் பழகிப்போன திருட்டு ஒன்று உண்டு: தன் டேக்குகள் தீர்ந்துபோனவர், துப்பாக்கியைத் தொட்டே இராத மனைவி பெயரிலோ பாட்டி பெயரிலோ வாங்கிய டேக்கைக் கட்டுவது. அட்டைக்கும் ஆளுக்கும் உள்ள தொடர்பைச் சோதிக்க மனிதர்கள் வேண்டும், சாலையில் நிற்க வேண்டும், கேள்வி கேட்க வேண்டும். அங்கேயே சில மாநிலங்கள் தாளைக் கைவிட்டு வருகின்றன. விஸ்கான்சினில் மான் உடலில் டேக் கட்டும் கட்டாயம் 2017இல் நீக்கப்பட்டது. விலங்கு கையில் கிடைத்த மறுநாள் மாலை 5 மணிக்குள் இணையத்திலோ தொலைபேசியிலோ பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். வேட்டைக்காரருக்கு வசதி. ஆனால் சாலையில் அதிகாரி நிறுத்தும்போது அந்த மான் பதிவாகும் மானா, அல்லது யாரும் பார்க்காவிட்டால் பதிவாகாமலே போகப் போகிற மானா? காகிதத்தில் தேதியை வெட்டச் சொன்ன பழைய முறையில் இந்தக் கேள்வி எழாது. மோண்டானா போன்ற மாநிலங்கள் திறன்பேசியிலேயே டேக்கை வைத்து, விலங்கு விழுந்த இடத்திலேயே அதைப் பயன்படுத்தியதாகக் குறிக்கச் சொல்கின்றன. இது கொஞ்சம் பரவாயில்லை.

இன்னொரு வேறுபாட்டையும் மறைக்கக் கூடாது. அங்கே பெருந்திரளான குடிமக்கள் சட்டபூர்வமாக வேட்டையாடுகிறார்கள். விதியைக் காப்பாற்றுவதில் அவர்களுக்கே அக்கறை உண்டு, அடுத்தவர் திருடினால் தன் பங்கு குறையும் என்பதால். இங்கே துப்பாக்கி உரிமம் மிகச் சிலரிடம்தான். நம் காடுகளின் பெரிய எதிரி துப்பாக்கியும் அல்ல, கம்பிக் கண்ணி. கண்ணி வைப்பவர் எந்தக் காலத்திலும் டேக் கட்டப் போவதில்லை. அப்படியானால் டேக்கால் என்ன பயன் என்று கேட்கலாம். கண்ணியில் விழுந்த விலங்கின் இறைச்சியும் எங்கோ ஓரிடத்தில் விற்றாக வேண்டும். தாள் இல்லாத இறைச்சியை யாரும் வாங்காத நிலை வந்தால், கண்ணி வைப்பவருக்கு வருமானம் இல்லை. விதி காட்டுக்குள் வேலை செய்யாமல் போகலாம். சந்தையில் வேலை செய்யும்.

என் கருத்தைச் சொல்வதென்றால், மான் வேட்டையைத் திறந்துவிடும் பேச்சே இப்போது வேண்டாம். காட்டுப்பன்றியை மட்டும் எடுத்துக்கொள்வோம். உரிமத்தோடு எண்ணிட்ட அட்டைகள் கொடுக்கலாம். சுட்ட இடம், தேதி குறித்த அட்டை இறைச்சியோடு வெட்டும் இடம்வரை வர வேண்டும். வெட்டுபவர் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் மாவட்டத்திலிருந்து இறைச்சி வெளியே போகக் கூடாது என்று அறிவித்தால், அட்டையில் உள்ள இடத்தின் பெயரே சாலையில் நிற்கும் அதிகாரிக்குப் போதும். பண்ணை வைத்திருப்பவர்கள் இதை முதலில் ஆதரிக்க வேண்டியவர்கள். ஒரு லாரி நோய் இறைச்சியால் தொழிலையே இழக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். உணவகங்களில் பண்ணை மானுக்குப் பண்ணையின் பெயரோடு ரசீது வைத்திருக்கச் சொல்வது அதைவிடச் சுலபம்.

இதற்கெல்லாம் அரசாங்கம் அசையும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை புலனத்தில் அந்த ஒரு வரி வரும்போது மூன்று கேள்விகளைத் திருப்பி அனுப்பலாம். எந்த ஊரில் சுட்டது? யார் உரிமத்தில்? வெட்டியவர் யார்? பதில் வரவில்லை என்றால் வாங்காமல் விடலாம். ஜொகூர் பாருவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்கு ஆசையாகக் கொண்டுபோகிறோம் என்று காரின் பின்பெட்டியில் காட்டு இறைச்சியை வைத்துக்கொண்டு பாலம் ஏறாதீர்கள். அந்நாட்டு உணவு ஆணையம் அங்கீகரிக்காத இடத்திலிருந்து வரும் இறைச்சிக்கு அங்கே அனுமதி இல்லை. பறிமுதலோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

சென்ற மாதம் எனக்கு வந்த செய்திக்கு நான் முதல் கேள்வியை மட்டும் அனுப்பிப் பார்த்தேன். "எந்த ஊர்ல சுட்டது தம்பி?" இரண்டு நீல அடையாளங்கள் விழுந்தன. பதில் இன்னும் வரவில்லை.